கம்மலக்காவின் இரண்டு காதுகள்

அந்த மூன்று மாடி வணிக வளாகத்துக்குள் நுழைந்ததும், நகரும் படிக்கட்டுக்கு அடியில், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடத்தில் நாலு கண்ணாடிப் பெட்டிகளை வைத்துக்கொண்டு நிற்பவள்தான் கம்மலக்கா. வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். வாசல் காவலாளியிலிருந்து மேல்மாடி மேனேஜர் வரை எல்லாருக்கும் அவள் கம்மலக்கா. இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கும் பெண்களிலேயே காதில் ஒரு பொட்டுத் தங்கமோ பித்தளையோ போடாதவள் அவள் ஒருத்திதான்.

அதைக் கவனித்தவர்கள் ஓரிருவர்தான். கவனிக்க விட்டால்தானே? முடியைக் கழுத்தளவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் காதை மூடித் தொங்கும்படி விட்டிருப்பாள். மின்விசிறிக்கு நேராக நிற்க மாட்டாள். குனிந்து சாமான் எடுக்கும்போதுகூட ஒரு கை தன்னால் போய் முடியைப் பிடித்துக்கொள்ளும்.

காது குத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்ற கடைகளில் பிள்ளையை உட்கார வைத்து, பேனாவால் ஒரு புள்ளி, துப்பாக்கியால் ஒரு சொடுக்கு, அடுத்த ஆள் வா என்று அனுப்பிவிடுவார்கள். கம்மலக்கா இரண்டு காதிலும் புள்ளி வைத்துவிட்டுப் பின்னால் தள்ளிப் போய் நிற்பாள். தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். எந்த மனிதத் தலையிலும் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். அளந்து வைத்தால் கோணலாகத் தெரியும். கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் கோணலாகத்தான் வைக்க வேண்டும். புள்ளியைத் துடைத்து மறுபடி வைப்பாள். "மூணு எண்ணு, கண்ணு" என்பாள். பிள்ளை இரண்டு சொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். அழலாமா வேண்டாமா என்று அது யோசிக்கும்போதே முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுத்துவிடுவாள். தன் அழகைப் பார்த்த பிறகு அழ யாருக்கு மனம் வரும்?

ஆனால் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பாள். "உங்க வீட்டுல யாருக்காவது காயம் ஆறின எடத்துல தழும்பு தடிச்சு வளருமா?" ஆமாம் என்று பதில் வந்தால் துப்பாக்கி உறைக்குள் போய்விடும். குத்தாமல் காதைக் கவ்விக்கொள்ளும் கிளிப் கம்மல் தட்டு வெளியே வரும். முதலாளி முணுமுணுப்பார்: "வர்ற வியாபாரத்தை ஏம்மா வாசல்லயே திருப்பி அனுப்புற?" அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். கம்மலையே போட்டுக்கொள்ளாத காது அது.

கேள்விக்குக் காரணம் முடிக்குப் பின்னால் இருந்தது. சின்ன வயதில் குத்தாமல் விட்டுப்போய், கல்லூரியில் படிக்கும்போது தோழி ஒருத்தி ஊசியால் குத்திவிட்ட காது. காயம் ஆறுவது எல்லார் உடம்பிலும் நடப்பதுதான். அக்காவின் தோலுக்கு ஆறத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. போதும் போதும் என்று கையைக் காட்டினாலும் இன்னொரு கரண்டி வைக்கிற சொந்தக்காரரைப் போல, காயம் மூடிய பிறகும் அது சதையைக் கட்டிக்கொண்டே போனது. முதலில் மிளகளவு, பிறகு பட்டாணி, பிறகு நெல்லிக்காய். இரண்டு முறை வெட்டி எடுத்தார்கள். இரண்டு முறையும் போனது போகட்டும் என்று இல்லாமல் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. வலிகூடப் பெரிதில்லை. அரிப்புதான். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது காதுமடல் நமநமவென்று அரிக்கும். சிரித்துக்கொண்டே பல்லைக் கடிப்பாள்.

வைத்தியம் சொல்ல ஆளில்லாமல் இல்லை. விஷயம் தெரிந்த இரண்டு பேர் நாலு பேரிடம் சொல்ல, அந்த நாலு பேருக்கும் ஆளுக்கொரு இலை தெரிந்திருந்தது. சுத்தம் செய்யும் பெரியம்மா மஞ்சள் என்றார். ஒரு வாரம் அக்காவின் கழுத்துப் பட்டை மஞ்சளாக இருந்தது. பழச்சாறு கடைக்காரர் கற்றாழை என்றார். வழுவழுவென்று முடியெல்லாம் ஒட்டியதுதான் மிச்சம். வண்டி நிறுத்தும் இடத்துக் காவலாளி வெங்காயச் சாறு என்றார்; அன்று பூராவும் கம்மல் வாங்க வந்தவர்கள் ஏன் கண்ணைக் கசக்கினார்கள் என்று முதலாளிக்குக் கடைசிவரை புரியவில்லை.

இதெல்லாம் பழகிப் போயிருந்தது. பழகாத தொல்லை வீட்டில் ஆரம்பித்தது.

வீட்டில் இரட்டைப் பெண்கள். பன்னிரண்டு வயது. ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். நடுவே இருந்த இடைவெளி ஒரு கொட்டாவி விடும் நேரம். அந்த வீட்டில் எதுவும் ஒற்றையாக வாசல் தாண்டாது. ஆப்பிளை ஒருத்தி வெட்டினால் எந்தத் துண்டு வேண்டும் என்று பார்த்து மற்றவள்தான் முதலில் எடுப்பாள். பழச்சாறு ஊற்றினால் இரண்டு டம்ளரையும் மேஜையில் வைத்து, இரண்டு பேரும் மோவாயை மேஜையில் பதித்து மட்டம் பார்ப்பார்கள். பெரியவளுக்குக் காய்ச்சல் என்றால் சின்னவள் வாயிலும் ஒரு நிமிஷம் தெர்மாமீட்டர் வைத்தே ஆக வேண்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காமல் வளர்த்து வளர்த்து, அக்காவின் கையே தராசாகிவிட்டது. சாதம் பரிமாறும்போது பார்த்தால் தெரியும். இங்கே ஒரு பிடி, அங்கே ஒரு பிடி, கண் தொலைக்காட்சியில் இருக்கும், கை பிசகாது.

அந்த இரண்டு பேரும் பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று ஒன்றாக வந்து நின்றார்கள்.

"அம்மா, எங்களுக்குக் காது குத்திவிடு."

"காது இன்னும் வளரணும்டி."

"கடைக்குக் கைக்குழந்தைங்க எல்லாம் வருதே, அதுங்களுக்கு மட்டும் வளந்துடுச்சா?"

"துப்பாக்கி ரிப்பேரு."

"நேத்துதான் ஏழு பேருக்குக் குத்தினேன்னு அப்பாகிட்ட சொன்ன."

பெரியவள் இடுப்பில் கை வைத்தாள். "ஊருக்கெல்லாம் நெஜமாவே காது குத்துற. எங்களுக்கு மட்டும் இப்படிக் கதை சொல்லிக் காது குத்துற."

சின்னவள் முடிவைச் சொன்னாள். லீவு முடிவதற்குள் அம்மா குத்தாவிட்டால், இரண்டாவது மாடிக் கடைக்குப் போய்க் குத்திக்கொள்வார்கள். அங்கே கேள்வியே கேட்க மாட்டார்களாம்.

அம்மாவின் காதில் ஏதோ கட்டி இருக்கிறது என்ற அளவுக்குத்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்று தெரியாது. கிட்டத்தில் பார்த்ததும் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அக்கா இரண்டு நெல்லிக்காயை அத்தனை வருஷமும் முடியில் மறைத்திருந்தாள். இப்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள். தன் மூக்கு சின்னவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. தன் பிடிவாதம் இரண்டு பேருக்கும் குறைவில்லாமல் வந்திருக்கிறது. இந்தத் தோலும் வந்திருந்தால்?

கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா, அக்காவைவிட வயதில் சின்னவர், பேச்சில் நிதானமானவர். முடியை ஒதுக்கி இரண்டு காதையும் பார்த்தார். கையுறை போட்ட விரலால் மெல்ல அழுத்தினார்.

"உங்களுக்கு இருக்குறதால அவங்களுக்கு வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் அதிகம். வந்தே தீரும்னும் சொல்ல முடியாது, வராதுன்னும் சொல்ல முடியாது. குத்திப் பாத்தாத்தான் தெரியும். அதுக்காகக் குத்திப் பாக்கவும் முடியாது."

"அப்போ மருந்தே இல்லையா டாக்டர்?"

"ஊசி இருக்கு, வெட்டி எடுக்கலாம். ஆனா திரும்ப வராம இருக்க உறுதியா ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்." டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "இங்க ஒரு சின்ன ஆராய்ச்சி நடக்குது. வல்லாரை இலையில இருந்து பிரிச்செடுத்த பொருளை ஜெல்லாப் பண்ணியிருக்கோம். ஆய்வுக்கூடத்துல தழும்போட செல்லுங்களைத் தட்டுல வளத்து அது மேல விட்டுப் பாத்தா, சதை கட்டுற வேகம் குறையுது. தட்டுல அடங்குறது மனுஷன் காதுல அடங்குமான்னு இனிமேத்தான் பாக்கணும். சேர்றீங்களா?"

அக்கா தான் பூசிய மஞ்சள், கற்றாழை, வெங்காயம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "நீங்க சொன்ன எல்லாத்தையும் எங்கயோ யாரோ ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. இலையை அப்படியே தேய்க்கிறது வேற, அதுக்குள்ள இருக்குற ஒரு பொருளை அளவாப் பிரிச்சுக் குடுக்கிறது வேற. முதல்லயே சொல்லிடறேன், கட்டி கரைஞ்சு ஓடிடும்னு நெனைக்காதீங்க. அரிப்பு குறையுதா, கொஞ்சம் மெத்துன்னு ஆகுதா, அதைத்தான் பாக்குறோம்."

அக்காவுக்கு இரண்டு காதிலும் கட்டி இருந்தது ஆராய்ச்சிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. இரண்டு டியூப் கொடுத்தார்கள். பச்சை மூடி இடது காதுக்கு, வெள்ளை மூடி வலது காதுக்கு. ஒன்றில் இலையின் சத்து இருக்கும். இன்னொன்று வெறும் ஜெல். எது எதென்று அக்காவுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. காலையும் மாலையும் தடவ வேண்டும். மூன்று மாதம். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் இடுக்கி மாதிரி ஒரு கருவியால் கட்டியை அளப்பார்கள், படம் எடுப்பார்கள், அரிப்புக்கு எத்தனை மார்க் என்று கேட்பார்கள்.

"இது பலிச்சா, என் பொண்ணுங்களுக்குக் குத்திட்டு இதையே தடவிடலாம்ல?"

"அது ரொம்பத் தூரத்துல இருக்குற கேள்விங்க. முதல்ல இது பலிக்குதான்னு தெரியட்டும்."

அவ்வளவு பேச்சிலும் அக்காவின் மனதில் தங்கியது ‘பலிக்குது’ என்ற சொல் மட்டும்தான். வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம், லீவு முடிகிறவரை கெடு வேண்டாம், மூன்று மாதம் பொறுத்தால் நல்ல பதில் சொல்கிறேன் என்றாள். பிள்ளைகள் மேஜையில் மோவாயை வைத்து யோசித்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

அவள் புருஷன் அதே வளாகத்தில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதையும் இரண்டு மடங்காகச் செய்கிற மனுஷன். வல்லாரை என்று கேட்டதும் மறுநாளே இரண்டு கை நிறையக் கீரைக்கட்டுடன் வந்தார். "வெளியே தடவுனா வெளிவேலை. உள்ள போனா உள்வேலை. ரெண்டும் காதுக்குத்தானே போகுது?" ஒரு வாரம் அந்த வீட்டில் மூன்று வேளையும் வல்லாரைதான். காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஞாபக சக்திக்கு நல்லது என்று பேர் வாங்கிய கீரையாயிற்றே, பிள்ளைகள் காது குத்தும் பேச்சை மறப்பதாக இல்லை. "உங்க உள்வேலை நல்லா நடக்குது, போதும் நிறுத்துங்க" என்று அக்கா கும்பிடு போட்ட பிறகுதான் கீரை நின்றது.

முதல் மாதம் அக்கா சொன்ன சொல் தவறவில்லை. பச்சை இடது, வெள்ளை வலது. அந்த மாத முடிவில் இடது காதில் அரிப்பு குறைந்த மாதிரி இருந்தது. மாதிரி என்ன, நிச்சயமாகக் குறைந்திருந்தது. வாடிக்கையாளர் எதிரில் பல்லைக் கடிக்கவில்லை. தொட்டால்கூட மெத்தென்று இருந்தது. பச்சை மூடிதான் இலை என்று அக்கா முடிவு கட்டினாள். மனம் குதித்தது.

குதித்த மனம் வலது காதுக்கு வந்ததும் நின்றது. அது பாவம் முன்போலவே அரித்துக்கொண்டிருந்தது. காலையில் கண்ணாடி முன் நின்று, இடதுக்குப் பச்சை, வலதுக்கு வெள்ளை என்று தடவும்போது அவளுக்கு ஏதோ செய்தது. இடதுக்கு மருந்து, வலதுக்கு வெறும் பசை. தெரிந்தே செய்கிறோம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்றுக்குப் பால், ஒன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற மாதிரி. அவள் மூளை ஆராய்ச்சியின் பக்கம்தான் இருந்தது. கைதான் பன்னிரண்டு வருஷம் வேறு பாடம் படித்த கை. ஒருநாள் காலை, பச்சை டியூப் ஜெல் விரலில் மிச்சம் இருந்தது. துடைப்பதற்குப் பதில் அந்த விரல் வலது காதுக்குப் போனது. கொஞ்சூண்டு. மறுநாளும் மிச்சம் இருந்தது. அதற்கு மறுநாள் மிச்சம் இருக்கும்படியே பிதுக்கினாள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே வாரத்தில் வலது காதின் அரிப்பும் அடங்கியது.

இரண்டாவது மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா தேர்வு நன்றாக எழுதிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அளந்தார். படம் எடுத்தார். அரிப்புக்கு மார்க் கேட்டார். அக்கா இரண்டு காதுக்கும் சமமாகப் போட்டாள். டாக்டரம்மாவின் புருவம் சுருங்கியது. பிறகு மேஜையில் இருந்த சின்ன மின்தராசில் பச்சை மூடி டியூபை வைத்தார். எடுத்துவிட்டு வெள்ளை மூடியை வைத்தார். மறுபடி பச்சையை வைத்தார்.

டியூபை எடை போடுவார்கள் என்று அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

"வெள்ளை சரியா இருக்கு. பச்சை மட்டும் ரெட்டிப்பாத் தீந்திருக்கே?"

அக்கா கையும் களவுமாகப் பிடிபட்டாள். பொய் சொல்ல வாயெடுத்தாள். கீழே விழுந்து நசுங்கிவிட்டது என்று சொல்லலாம், பிள்ளைகள் விளையாடினார்கள் என்று சொல்லலாம். தராசைப் பார்த்தாள். பேசாமல் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"வலது காதுக்கும் அதையே தடவிட்டேன் டாக்டர். மனசு கேக்கல. நான் ரெட்டைப் புள்ளை பெத்தவ."

டாக்டரம்மா டியூபைத் தராசிலிருந்து எடுத்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது. கோபம்தான் முதலில் வந்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

"ரெண்டு காதும் வேற வேறயா இருந்தாத்தாங்க எனக்கு எதாவது தெரியும். ஒண்ணுக்கு இல்லாம இருந்தாத்தான் இன்னொண்ணுக்கு இருக்குறது வேலை செய்யுதான்னு சொல்ல முடியும். நீங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்க. இப்போ உங்க காது ரெண்டும் எனக்கு ஒண்ணும் சொல்லாது. உங்களைக் கணக்குல இருந்து எடுத்துடணும்." டியூப்களை இழுப்பறையில் வைத்தார். "உங்க பொண்ணுங்க காதுக்கு ஒரு பதில் வேணும்னு கேட்டீங்க. அந்தப் பதிலுக்குப் போற வழியிலதான் நாம இருந்தோம்."

அந்தக் கடைசி வார்த்தை அக்காவைக் குத்தியது. துப்பாக்கி போல இல்லை, மெதுவாக, தோழியின் ஊசி போல. யாருக்காக இதில் சேர்ந்தாளோ அவர்களுக்கான பதிலைத்தான் தன் கையாலேயே கலைத்திருக்கிறாள். கண் நிறைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள். இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டாள். முடியாது என்றார் டாக்டரம்மா. பிறகு தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். மூன்று மாதத்தில் நல்ல பதில் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. நல்ல பதில் இல்லை. இருக்கிற பதிலையாவது கொடுக்க வேண்டும்.

பிள்ளைகள் இரண்டு பேரையும் சமையலறை மேஜைக்கு அழைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த புருஷன் அப்படியே நின்றுவிட்டார்.

"இதான். காது குத்தினதுல வந்தது. உங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம். யாருக்கும் தெரியாது. டாக்டருக்கே தெரியாது. அந்தப் பயத்துலதான் வளரணும், ரிப்பேருன்னு கதை விட்டேன்."

பெரியவள் எழுந்து இடது பக்கம் வந்தாள். சின்னவள் வலது பக்கம் வந்தாள். அதற்குக்கூட ஆளுக்கொன்று.

"தொடலாமா?"

"தொடுங்க."

சின்னவள் ஒரு விரலால் தொட்டாள். "மெத்துன்னு இருக்கும்மா. வலிக்குதா?"

"அரிக்கும். அவ்வளவுதான்."

"இதை ஏன் காட்டவே இல்ல?" என்றாள் பெரியவள். அவள் குரலில் கோபம் இருந்தது, காது குத்தாததற்கு அல்ல. அசிங்கமாக நினைப்பீர்கள் என்று பயந்தேன் என்று அக்கா சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் இரண்டு தலைகள் அவள் தோளில் சாய்ந்திருந்தன. ஒரே எடைதான், தராசு பொய் சொல்லாது.

ஆராய்ச்சியில் நடந்த கூத்தையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் சின்னவள் கண்கள் மின்னின. "அம்மா, அப்போ எங்களையும் அதே மாதிரி பண்ணிப் பாக்கலாமே. அவளுக்குக் குத்து, எனக்குக் குத்தாதே. என்ன ஆகுதுன்னு தெரிஞ்சுடும்!"

"ஏன், உனக்குக் குத்தட்டும், எனக்குக் குத்தாம இருக்கட்டும்!" என்றாள் பெரியவள்.

பிறந்த நாளிலிருந்து எல்லாமே சமமாக வேண்டும் என்று கேட்டவர்கள், முதல்முறையாக இது உனக்கே இருக்கட்டும் என்று சண்டை போட்டார்கள். புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது முடிவு வந்திருந்தது. வளர்ந்து, அவரவர் தோலுக்கு அவரவர் முடிவெடுக்கிற வயது வரும்வரை குத்துவதில்லை. அதுவரை அம்மா கடையின் கிளிப் தட்டிலிருந்து ஆளுக்கொரு ஜோடி.

சில மாதம் கழித்து டாக்டரம்மா அக்காவை வரச் சொன்னார். கோபமெல்லாம் போயிருந்தது. ஆராய்ச்சி முடிந்துவிட்டது, மூடியின் ரகசியத்தை உடைத்துவிட்டார்கள். இலை தடவிய பக்கத்தில் நிறையப் பேருக்கு அரிப்பு கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்ததாம். பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் இன்னும் நிறையப் பேரை வைத்துப் பார்க்கிற அளவுக்கு இருக்கிறது. அடுத்த ஆராய்ச்சிக்கு ஆள் தேட வேண்டும். தழும்பைக் காட்டவே கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம். ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

"உங்க டியூபும் எதுன்னு பாத்தேன்" என்றார் டாக்டரம்மா. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். "பச்சை மூடி வெறும் ஜெல்லு."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள். இலை இருந்தது வெள்ளையில். வலது காது வஞ்சிக்கப்படவே இல்லை. அவள் இரக்கப்பட்டு, பயந்து, இடதின் பங்கிலிருந்து எடுத்து எடுத்து வலதுக்குத் தடவியது ஒன்றுமில்லாத பசை.

"அப்போ இடது காது அரிப்பு எப்படிக் கொறஞ்சது?"

"ஆசையிலதான். மனசு ரொம்பப் பொல்லாததுங்க. அதை ஏமாத்தத்தான் ரெண்டு டியூப்."

இருவரும் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். வீட்டில் இதைக் கேட்ட புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். "திருடினதுதான் திருடின, வெண்ணெயையாவது திருடக் கூடாதா? சுண்ணாம்பைத் திருடியிருக்கியே!"

அன்றே டாக்டரம்மா வேறொன்றும் சொல்லியிருந்தார். முன்பு வெட்டி எடுத்ததும் சும்மா அனுப்பிவிட்டார்கள். இந்த முறை வெட்டி, ஊசி போட்டு, பிறகு பல மாதம் காதுமடலை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கிளிப் மாட்டிக்கொண்டால் திரும்ப வருவது குறையலாம். உறுதி கிடையாது. "பாத்துடலாம் டாக்டர்" என்றாள் அக்கா. காதைக் காட்டியாயிற்று, இனி பயப்பட என்ன இருக்கிறது?

வெட்டிய புண் ஆறியதும் ஆஸ்பத்திரியில் கொடுத்த கிளிப்புகள் சட்டைப் பொத்தானை நசுக்கின மாதிரி இருந்தன. கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் வட்டம் இரண்டு, நடுவில் திருகு. பிள்ளைகள் மூஞ்சியைச் சுளித்தார்கள். வெளிப்பக்கம் ஏதாவது ஒட்டலாமா என்று போனில் டாக்டரம்மாவிடம் கேட்டார்கள்; தோலில் படாமல் ஒட்டலாம் என்று பதில் வந்தது. கடையில் கல் உதிர்ந்த கம்மல்கள் போடும் டப்பா வீட்டுக்கு வந்தது. ஆளுக்கொரு கிளிப். ஒருத்தி செய்வதை ஒருத்தி பார்க்கவில்லை.

பெரியவள் நீலக் கற்களை வட்டமாக, அடுக்குப் பிசகாமல் ஒட்டியிருந்தாள். சின்னவள் கைக்குக் கிடைத்த சிவப்பு, மஞ்சள், ஒரு முத்து எல்லாவற்றையும் அள்ளி ஒட்டியிருந்தாள். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் இரண்டு முகமும் விழுந்துவிட்டது.

"ஜோடி சேரலம்மா. பிச்சுட்டு மறுபடி ஒட்டறோம்."

அக்கா இரண்டையும் எடுத்து மாட்டிக்கொண்டாள். இடதில் நீலம், வலதில் சிவப்பு. கண்ணாடியிலிருந்து பின்னால் தள்ளிப் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள். வாழ்நாள் பூராவும் ஜோடி பார்த்து விற்ற கண் அது. அது கோணலைத் தேடியது. பிறகு தேடுவதை விட்டுவிட்டுத் தன்னையே பார்த்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு காதில் கம்மல்.

"இருக்கட்டும்" என்றாள். "இப்படியே இருக்கட்டும்டி."

மறுநாள் முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். முதலாளி பார்த்தார், முதல்முறையாக முணுமுணுக்கவில்லை. மதியத்துக்கு மேல் ஒரு பெண் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். காது குத்த வேண்டும். அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "உங்க வீட்டுல யாருக்காவது தழும்பு தடிச்சு வளருமா?"

"இல்லையே" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே அவள் கை தன்னால் போய்க் கழுத்தோரத்துத் துணியைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கையை அக்காவுக்குத் தெரியும். துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்தாள். தன் முகத்தை ஒரு பக்கம் திருப்பினாள், பிறகு இன்னொரு பக்கம். கிளிப்புக்கு மேலும் கீழும் வெட்டிய அடையாளம் நன்றாகவே தெரியும்.

"ஐ, ரெண்டும் வேற வேற கம்மல்!" என்றது குழந்தை.

அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகத் துணியை விலக்கினாள். தோளில், விரல் நீளத்துக்கு, பளபளவென்று தடித்த ஒரு தழும்பு.

"ரொம்ப அரிக்குமே?" என்றாள் அக்கா.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டவள் கண் கலங்கிவிட்டது.

குழந்தைக்குக் கிளிப் தட்டை எடுத்து வைத்துவிட்டு, அக்கா டாக்டரம்மாவின் போன் நம்பரைச் சொன்னாள். அடுத்த ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், நல்ல மனுஷி, ஒளிக்காமல் பேசுவார் என்றாள். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே கிளம்பும்போது அக்கா மறுபடி கூப்பிட்டாள்.

"ஒரு விஷயம். தழும்புல பாதிக்கு ஒண்ணு, மீதிக்கு ஒண்ணுன்னு ரெண்டு டியூப் குடுப்பாங்க. ஒண்ணை எடுத்து இன்னொண்ணோட எடத்துல தடவிடாதீங்க. எவ்வளவு பாவமா இருந்தாலும் தடவிடாதீங்க. ஆமா, உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?"

"ரெண்டு."

அக்காவின் முகம் மாறியது. "ரெட்டையா?"

"இல்லக்கா. நாலு வருஷ வித்தியாசம்."

"அப்போ பயமில்ல" என்றாள் கம்மலக்கா. "தாராளமாச் சேருங்க."